டெல்லிப் புகையும் எங்கள் வலையும்

சுற்றுச்சூழல் போட்டிக்கு என் வகுப்பு எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றிலும் டெல்லிப் புகைதான். தலையில் அடித்துக்கொண்டேன். அப்போது பாம்பன் கரையில் யாரோ கிழிந்த நைலான் வலையைக் கொளுத்திய நாற்றம் வகுப்பறைக்குள் வந்தது.

சிறுவயதில் எங்கள் வாசலிலும் இதே நாற்றம். சோற்றில்கூட அந்த வாடை அடிக்கும்.

"அய்யா, தள்ளி எரிங்க! போட்டிக்கு எழுதுறேன்" என்று அப்பாவைப் பார்த்து இருமினேன்.

"எதப் பத்தி ஆத்தா?"

"பம்பாய் ஆலைப் புகை."

"பாவம், அந்த ஊரு சனம்" என்றவர், ஜன்னலைச் சாத்திவிட்டு மிச்ச வலையையும் தீயில் போட்டார். எனக்குத்தான் முதல் பரிசு.

"டீச்சர், ஜன்னலச் சாத்தட்டா?" என்றாள் முன்பெஞ்சு மாணவி.

"சாத்தாத! டெல்லிய அடிச்சிட்டு இந்த நாத்தத்த எழுது!"

அவள் பேனாவை மூடினாள். "டெல்லியே இருக்கட்டும் டீச்சர். அங்கன எரிக்கிறது எங்கப்பா."