ஜெர்மன்காரரிடம் கேட்கக் கூடாதவை

பிற நாட்டவரோடு பழகுவது எப்படி என்று எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு நாளும் வடை நன்றாக இருந்தது. வடையோடு விட்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. நான் அங்கே அவர்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நெய்வேலியில் அமல்படுத்தக் கிளம்பினேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

சுரங்கத்துக் கன்வேயர் ஒன்றின் கியர்பாக்ஸைச் சரிசெய்ய ஜெர்மனியிலிருந்து ஒருவர் வரவிருந்தார். பத்து நாள் வேலை. பயிற்சி பெற்ற ஒரே ஆள் என்பதால் அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவரைப் பார்த்தாலும் எந்த பிளாக், என்ன ஷிப்ட், பெர்மனென்டா கான்ட்ராக்டா, பெரிய பெண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லையா என்று பஸ் வருவதற்குள் ஜாதகத்தையே கறந்துவிடுவார்கள். இவர்கள் கையில் ஜெர்மன்காரர் சிக்கினால் மறுநாளே விமானம் ஏறிவிடுவார் என்று பயந்தேன்.

அதனால் எங்கள் ரிப்பேர் ஷெட் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். வயது கேட்காதே, சம்பளம் கேட்காதே, கல்யாணம் பிள்ளைகுட்டி பற்றி மூச்சு விடாதே. ‘சாப்பிட்டீங்களா’ என்பதுகூடக் கூடாது, அது அவர் சொந்த விஷயம். வேலை செய்யும்போது சுற்றி நின்று பார்க்காதே, யோசனை சொல்லாதே. இந்தக் கடைசி விதி பயிற்சியில் இல்லாதது, நானே சேர்த்தது. படித்துப் புரிந்துகொண்டேன் என்று ஷெட்டில் அத்தனை பேரிடமும் கையெழுத்து வேறு வாங்கினேன்.

ஜெர்மன்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கலாம், கேட்கவில்லை. முதல் நாளே பார்த்தேன். மனிதருக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியவில்லை. போல்ட்டை எடுப்பார், அது விழும். குனிந்து அதை எடுத்தால் ஸ்பேனர் விழும். அவர் எழுதிவைக்கும் அளவுகள் கோழி கிளறியது போல இருக்கும். எழுதிய அவருக்கே படிக்க முடியாமல் மறுபடி அளப்பார். எங்கள் ஃபிட்டர்கள் கை துறுதுறுக்க அவரைப் பார்ப்பார்கள், பிறகு நோட்டீஸைப் பார்ப்பார்கள், பிறகு வேறு பக்கம் போய்விடுவார்கள்.

மூத்த ஃபிட்டர் மட்டும் என்னை ஓரமாக அழைத்துப் போனார். “சார், நேத்து வந்த ஐடிஐ பசங்களே இதவிட நல்லா செய்வானுங்க. எங்கள வாயத் தொறக்கவே வுடமாட்டேன்றீங்களே!”

“கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றேன்.

ஒன்பதாம் நாள் காலையில் பாதி வேலைகூட முடியவில்லை. கன்வேயர் ஓடாவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள். ‘இவர் கை வேலைக்கு ஆகாது, வேறு ஆளை அனுப்பச் சொல்லவும்’ என்று ஒரு கடிதம் எழுதி என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். ஒரு மனிதருடைய பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமே என்று உறுத்தியது. சாயங்காலம் அதை ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவதாக மேலதிகாரி சொன்னார்.

மகள் பிரசவத்துக்காக லீவில் போயிருந்த டீக்கார அக்கா அன்றுதான் மந்தாரக்குப்பத்திலிருந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் நோட்டீஸைப் படிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. ஜெர்மன்காரரிடம் டீயை நீட்டினார். வாங்குவதற்கு அவருடைய இடது கை முன்னால் வந்தது, பாதி வழியில் சூடுபட்டது போலப் பின்வாங்கியது, வலது கை வந்தது. பாதி டீ தரைக்குப் போயிற்று.

“என்னா சார் இவரு, பீச்சாங்கைய நீட்டுறாரு, அப்புறம் திருடனாட்டம் ஒளிச்சிக்கினு சோத்தாங்கைய நீட்டுறாரு? பீச்சாங்கைக்காரரா? கேளுங்க.”

“அதெல்லாம் கேட்கக் கூடாதுங்க.”

“ஏன், கேட்டா வாயி வுழுந்துடுமா? எம் பொண்ணும் பீச்சாங்கைதான். நீங்க கேக்கலன்னா நானே கேக்குறேன்.”

கேட்டேவிட்டார். தன் இடது கையைத் தூக்கிக் காட்டி, அவரைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான், இரண்டு நாள் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

ஜெர்மன்காரர் மாட்டிக்கொண்டவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தார். பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். இந்தியாவில் எப்படி நடந்துகொள்வது என்று அவருடைய ஆபீஸில் கொடுத்ததாம். இடது கையால் எதையும் கொடுக்காதே, வாங்காதே, தொடாதே என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பாவப்பட்ட மனிதர் ஒன்பது நாளாக வலது கையால் எழுதி, வலது கையால் முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“போல்ட்டைக்கூடவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“எங்கே நிறுத்துவது என்று புத்தகத்தில் இல்லை” என்றார்.

அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். “சோறு துன்றதுக்கும் ஒருத்தருக்கு ஒண்ணு குடுக்கறதுக்கும்தான் சார் அதெல்லாம். இரும்புக்கு என்னா தெரியும் பீச்சாங்கையி சோத்தாங்கையி? சொல்லுங்க அவருகிட்ட!”

சொன்னேன். ஸ்பேனர் இடது கைக்கு மாறியது. அதன் பிறகு நான் பார்த்தது வேறு ஆள். போல்ட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. மூத்த ஃபிட்டர் விதியை மறந்து விசிலே அடித்தார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் பறந்தேன். கடிதம் நல்லவேளையாக இன்னும் மேஜையில்தான் இருந்தது.

“இடது கைக்காரர்னு ஒன்பது நாளா ஒருத்தருமா கவனிக்கல?” என்றார் மேலதிகாரி.

“கவனிக்கக் கூடாதுன்னு நான்தான் சார் நோட்டீஸ் ஒட்டினேன்.”

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பதினோராம் நாள் கன்வேயர் ஓடியது. ஜெர்மன்காரர் புறப்படும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நானும் எழுதினேன். மூன்றாம் நாளே. இங்கே ஒருவரும் என்னிடம் பேசுவதில்லை, என்னைக் கண்டால் விலகிப் போகிறார்கள், என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை, திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று.”

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருடைய ஆபீஸில் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டேன். ஜெர்மனியில் ஃபிட்டருக்கு என்ன சம்பளம், சொந்த வீடா வாடகையா, பிள்ளைகள் எத்தனை என்று எங்களைச் சுற்றி எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் என் காதருகே குனிந்து கத்த வேண்டியிருந்தது.

“கவலைப்படாதே, இந்தியர்கள் இயல்பிலேயே அதிகம் பேசாதவர்கள் என்றார்கள்!”