மொச்சைப் பூவில் தூவிய மருந்து

தேனீக்களைக் கொன்றது நான்தான். என் தம்பி மனைவி பச்சையம்மா இல்லை!

இதை எழுத எத்தனை வருடம் தயங்கினேன்... பேனாவை எடுப்பேன், சாமி விளக்கைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிழைப்பு. என் கொல்லையில் சாமையும் மொச்சையும். தம்பியிடம் ஆடுகளும், பண்ணை ஆபீசர் தந்த தேனீப் பெட்டிகளும். சாமைத்தாள் அவன் ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை என் கொல்லைக்கு, என் மொச்சைப் பூ அவன் தேனீக்கு. என் கொல்லை ஓரத்தில் இருந்த அந்தப் பெட்டிகளைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவள் பச்சையம்மா.

ஒரு வருடம் மொச்சையில் புழு விழுந்தது. பொழுது சாய்ந்து, தேனீ கூடு திரும்பிய பிறகுதான் மருந்து தூவ வேண்டும் என்று ஆபீசர் படித்துப் படித்துச் சொன்னார்.

அன்று கிருத்திகை. சாயங்காலம் முருகனுக்குப் பூசை. மருந்து நாற்றத்தோடு கோயிலுக்குப் போவதா? காலையிலேயே தூவிவிட்டேன். பூவெல்லாம் தேனீ... பார்த்துக்கொண்டேதான் தூவினேன்.

மறுநாள் பெட்டியடியில் கறுப்பாய்க் குவிந்து கிடந்தன.

மாதவிலக்கான பெண்கள் ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் இருப்பது எங்கள் வழக்கம். பச்சையம்மா அப்போது அங்கே இருந்தாள். குளித்து ஊருக்குள் வந்ததும் கூட்டம் கூட்டினார்கள்.

"தீட்டோட பொட்டிகிட்ட போனியா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"போவலீங்க. எட்ட நின்னுகூட பாக்கலீங்க."

"அப்போ தேனீங்க தானா நாண்டுக்கிச்சா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க கொல்லையிலதான இருந்தீங்க? நான் வரலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க..."

நெற்றி நிறைய விபூதி எனக்கு. வாய் திறக்கவில்லை!

"சாமி கும்புடுற மனுசன், அவரே பேசல. இன்னும் இன்னா சாட்சி?" என்றார் ஊர்க்கவுண்டர்.

பயமா? மானமா? இன்றும் என்னையே கேட்கிறேன்.

தம்பி ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அவளோடு புதூர்நாட்டுப் பக்கம் போய்விட்டான். இப்போது மொச்சை முன்போல் காய்ப்பதில்லை. தின்ன ஆடில்லாமல் சாமைத்தாள் போரிலேயே மக்குகிறது. நான் மட்டும் இருக்கிறேன்.

ஒருமுறை, சொல்லிவிடத்தான் போனேன். பச்சையம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "மொச்ச நல்லா காய்க்குதுங்களா மாமா?" என்றாள்.

"காய்க்குதும்மா" என்றேன். திரும்பிவிட்டேன்...

இதைப் படிக்கும் நீங்கள் யாரிடமாவது சொல்லுங்கள். ஆனால் என்மேல் இரக்கப்பட்டு, 'தெரியாமல் செய்துவிட்டான்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பார்த்துக்கொண்டேதான் தூவினேன்.