கௌரி வீட்டு ஃபயர்பிளேஸ்

சிவகௌரி பஸ் தரிப்பு வரை போய்விட்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வருகிற ரகம். அணைத்துத்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த நாளும் வருவாள். மீன் என்றால் முள்ளுக்குப் பயம், மழை என்றால் கூரைக்குப் பயம், ஃபோன் அடித்தால் யாருக்கு என்னவோ என்று பயம். ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பட்டத்தைக் கல்யாணமான முதல் கிழமையே அவளுக்குச் சூட்டியவள் மச்சாள் கனகாம்பிகை, கணவன் பாலேந்திராவின் அக்கா. கனகாம்பிகை நல்ல மனுஷிதான். என்ன, அவள் சொன்னால் சொன்னதுதான். நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் அவள் விரல் நுனியில்.

1993 கடைசியில் பாலேந்திராவும் கௌரியும் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். பாலேந்திராவுக்குக் கட்டட வரைபடம் கீறுகிற வேலை. கண்டதையும் அடைத்து வைத்த வீடு அவனுக்கு ஆகாது. முன்னறையில் பலகை அடித்து மூடிக் கிடந்த புகைபோக்கியைத் திறப்பித்து ஒரு ஃபயர்பிளேஸ் செய்வித்தான். தட்டு, ஓடு, பித்தளைச் சோடனை ஒன்றும் கிடையாது. வெள்ளைச் சுவரில் சதுரமாக ஒரு வாய், கீழே ஒரு கருங்கல் பலகை, அதன்மேல் கரி போட ஓர் இரும்புக் கூடை. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் வேலை எப்போது முடியும் என்று விசாரித்தார். முடிந்துவிட்டது என்று பாலேந்திரா ரோஷத்தோடு சொன்னான்.

உண்மையில் முடியவில்லை. முடியாதது எது என்று கௌரிக்குத்தான் மனப்பாடம். அந்தப் புகைபோக்கி மேலே அவர்களுடைய ஆறு வயது மகள் கல்யாணியின் அறைச் சுவருக்குள்ளால் போகிறது. வேலை செய்த மைக் நேர்மையான மனுஷன். செங்கல் நூறு வருஷத்துப் பழசு, வெடிப்புகளால் புகை கசியும், உள்ளுக்குக் குழாய் இறக்க வேண்டும், கீழ்ப்பாதிதான் இறக்கியிருக்கிறேன், மேல்பாதிக் குழாய் திங்கட்கிழமை வரும் என்றான். அதையும் போட்டு, புகை விட்டுச் சோதிக்கும்வரை ஒரு நெருப்புக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான். பாலேந்திரா தலையாட்டிக்கொண்டே சுவரின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பால் காய்ச்ச மச்சாள் குறித்து வைத்த நாள் அந்தத் திங்களுக்கு முந்திய தை வெள்ளி. நேரம் விடிய ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு ஐம்பது. கல்யாணியைத் தூக்கத்திலேயே தூக்கி வந்து, மேலே மெத்தையில் கிடத்தி, குளிருக்குக் கதவைச் சாத்தினார்கள். குசினிக்கு காஸ் அடுப்பு இன்னும் வரவில்லை. கௌரி ஒரு கரண்ட் அடுப்பைக் கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் மச்சாளின் முகம் கோணியது.

“வீட்டுக்குள்ள அடுப்பு ஒண்டு கிடக்க, கரண்டிலயோ பால் காய்ச்சிறது?”

மைக் சொன்னதைக் கௌரி சொன்னாள். உனக்குக் குளிர்ப்பெட்டியைத் திறக்கவும் பயம்தானே என்றாள் மச்சாள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாலேந்திரா கரிப் பையைத் திருப்பிக் காட்டினான். லண்டனில் எரிக்க அனுமதியுள்ள புகையில்லாக் கரி. புகையே வராத கரியிலிருந்து வேறு என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டான். வாழ்நாள் முழுக்கச் சும்மா பயந்தவளுக்கு, இந்தப் பயம் மட்டும் நிஜம் என்று சொல்ல வாய் எப்படி வரும்? கௌரியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பிறகு தனக்கு மன்னிக்கவேயில்லை.

பற்றவைக்கிற மண்ணெண்ணெய்க் கட்டிகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். கரி மெல்ல மெல்லச் சிவந்தது. கூடையின்மேல் கம்பி வைத்துப் பால் பானையை ஏற்றினார்கள். புகை மருந்துக்கும் இல்லை. பார்த்தியோ என்று பாலேந்திரா கண்ணால் கேட்டான். ஆறரை மணிக்குமேல் கௌரியால் அங்கே நிற்க முடியவில்லை. பால் பொங்குவதைப் பிள்ளையும் பார்க்கட்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

கதவைத் திறந்ததும் அந்தக் கட்டிகளின் மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் அடித்தது. கல்யாணி தலையணையில் வாந்தியெடுத்திருந்தாள். தலை வலிக்கிறது என்றாள். எழுப்பி நிறுத்தினால் கால் மடிந்தது. கௌரி பிள்ளையை அள்ளிக்கொண்டு படியிறங்கி, வாசற்கதவைத் திறந்து, பின்னால் ஓடி வந்த பாலேந்திராவின் கையில் கொடுத்தாள். வெளியில் வைத்திருங்கோ, அம்புலன்சைக் கூப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனாள்.

பால் விளிம்பு வரை வந்துவிட்டது. மச்சாள் கையை விரித்து மறித்தாள்.

“பொங்கப் போகுது. ரெண்டு நிமிசம் பொறு.”

“அங்கால தள்ளுங்கோ மச்சாள்.”

இந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மச்சாள் விலகினாள். கௌரி சேலைத் தலைப்பால் பானையைப் பிடித்து, புது வீட்டின் முதல் பாலை முழுவதும் நெருப்பில் ஊற்றினாள். சாம்பல் எழும்பி வெள்ளைச் சுவர் நாசமாயிற்று. கரிந்த பால் நாற்றத்துக்குள் எல்லாரையும் வெளியே விரட்டி, யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கை கொப்பளித்தது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கல்யாணிக்கு ஒட்சிசன் வைத்தார்கள். புகை இல்லாவிட்டாலும் நச்சுக் காற்று வரும், அதற்கு வாசமே கிடையாது என்று டொக்டர் விளக்கினார். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் என்று தொடங்கியவர் முடிக்காமல் விட்டுவிட்டார். பாலேந்திரா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். அடுத்த நாள் மத்தியானம் பிள்ளை சிப்ஸ் கேட்டாள். அப்போதும் கௌரியின் நெஞ்சு ஆறவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள், சரி. முதல் பாலைக் கொட்டி அணைத்த வீட்டில் இனி என்ன விளங்கும்? இது மச்சாளின் கேள்வி என்று தெரிந்தும், கௌரியின் மனம் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. மச்சாளோ ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கும் கையுமாக வந்து போனாளே தவிர, கௌரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மைக் வந்து, விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போய், கீழே புகை விட்டுக் காட்டினான். கல்யாணியின் அலுமாரிக்குப் பின்னாலிருந்து அது நூல் நூலாக வந்தது. மச்சாள் பிள்ளையின் மெத்தையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். எழும்பக் கனநேரம் எடுத்தது.

அவள் கீழே வந்தபோது ஃபோன் அடித்தது, அவளே எடுத்தாள். பிளேஸ்டோவிலிருந்து அவர்களுடைய சொந்தக்காரி தவநாயகி மாமி. ஆரம்பத்திலேயே, பால் எந்தப் பக்கம் பொங்கினது என்று மாமி உரக்கக் கேட்டது கௌரிக்கும் கேட்டது. கௌரி படியில் உட்கார்ந்துவிட்டாள். சகுனத்தில் ஒருநாளும் பொய் சொல்லாத கனகாம்பிகை, ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

“கிழக்காலதான் பொங்கினது, மாமி. நிறையப் பொங்கினது. கௌரிதான் இறக்கினவள்.”

கட்டுப்போட்ட கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து அழாத கௌரி அழுதாள்.