வளர்மதி வைக்கச் சொன்ன கேட்

போன மாதம் ஒரு காலை. விருத்தாசலத்தில் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வளர்மதியிடமிருந்து போன்.

"அண்ணே, எம்மாடு உங்க கம்பியில மாட்டிக்கிச்சு. கட்டர் இருந்தா எடுத்துக்கினு வாங்க."

செராமிக் யூனிட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நல்லூர் பக்கம் இருக்கும் என் நிலத்தில் நான்கு மாடுகள் வாங்கி விட்டேன். அவை மேய்வதற்காக ஒன்றரை ஏக்கரைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டேன். வந்தவர் போனவர் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினேன்... அவ்வளவு பெருமை.

வளர்மதி பக்கத்து நிலத்துக்காரி. தனி ஆளாக உளுந்து போடுகிறாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு மாடு. அதுவும் நிறைசினை.

பைக்கில் பறந்து போனேன். மாட்டின் பின்னங்கால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. தொடையில் நீளமாகக் கிழிந்து ரத்தம். வளர்மதி அதன் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்து, ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். கட்டரைக் கம்பியில் வைத்தேன், வழுக்கியது.

"பதறாம வெட்டுங்கண்ணே. நான் புடிச்சிக்கிறேன்."

வெட்டினேன். கால்நடை டாக்டர் வந்து தையல் போட்டார். "மடியில படல, பொழச்சுது. கன்னுக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

அவர் போனதும் தலைகுனிந்து நின்றேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான். அவள் திட்டவில்லை. வேலியின் மூலைக் கல்லைக் கையால் அசைத்துக் காட்டினாள். அது ஆடியது.

"கல்லு சாய்ஞ்சிருக்குது, கம்பி தொளதொளன்னு கெடக்குது. அதான் காலை வுட்டுடுச்சு."

"அது ஏம்மா இந்தப் பக்கம் வந்துச்சு?"

கல்லிலிருந்து கையை எடுத்து என் போர்வெல் பக்கம் காட்டினாள். பிறகு சொன்னாள். "உங்க போர் தொட்டிக்குத்தான். நாலு வருசமா இந்த வழியாத்தான் தண்ணிக்குப் போவும். இப்ப நான் ரோட்டால சுத்தி ஓட்டிக்கினு போறேன். அதுக்கு என்னா தெரியும்?"

அந்த ஒற்றையடிப் பாதையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்? அதை மறித்துத்தான் கம்பி இழுத்திருந்தேன். ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை. என் நிலம்தானே என்ற நினைப்பு!

"வேலியே வாணாம்னு சொல்லலண்ணே. மாடு சாய்ஞ்சா தாங்கணும். கிழிக்கக் கூடாது. நடுவுல ஒரு கேட்டு வச்சிடுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வந்துவிட்டாள். முள்கம்பி முழுவதையும் சுருட்டி எடுத்தோம். மூலைக் கற்களைப் பிடுங்கி, மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு நிறுத்தினோம். இழுப்பில் சாயாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக் கல். சிமென்ட் இறுகும்வரை ஒரு வாரம் காத்திருந்து, கட்டம் கட்டமான, முள் இல்லாத ஜி.ஐ. கம்பி வலையை இழுத்துக் கட்டினோம். நான் இழுக்க, அவள் முறுக்கினாள். ஒற்றையடிப் பாதை வரும் இடத்தில் கேட் வைத்தோம். முடித்ததும் முதுகைச் சாய்த்து வலையில் உட்காருவது போல அழுத்திப் பார்த்தாள். கல் அசையவில்லை.

"என்னால உன் மாட்டுக்கு இப்படி ஆச்சு. எனக்கே வந்து வேலை செய்யறியேம்மா?" என்று கேட்டேன்.

"உங்க மாடு, எம்மாடுன்னு கம்பிக்குத் தெரியுமாண்ணே?" என்றாள், கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டே.

போன செவ்வாய்க்கிழமை அந்த மாடு கன்று போட்டது. கிடேரி. கேட்டைத் திறந்துகொண்டு, தூக்குவாளியில் சீம்பாலோடு வந்தாள். மாட்டையும் கன்றையும் கொன்ற பெரிய பழி என்னைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது. அதிலிருந்து என்னைக் காப்பாற்றியவளுக்கு எப்படி நன்றி சொல்வது? வாளியை வாங்கிக்கொண்டு நின்றேன். "ஆறதுக்குள்ள வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டுக்கு என்ன பெயின்ட் என்பதில் மட்டும் இன்னும் எங்களுக்குள் தகராறு. நான் நீலம் என்கிறேன், அவள் பச்சை என்கிறாள்... பச்சை வாங்கி வைத்துவிட்டேன்.