முத்தம்மா தேய்த்து எடுத்த நிறம்

கும்மிடிப்பூண்டி பஜாரில், ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்பும் இடத்தில் 'ஷைனி பியூட்டி பார்லர்' என்று ஒரு போர்டு இருக்கும். அதை நடத்துகிற முத்தம்மாவுக்குத் தன் மகள் ஷைனி மேல் பொறாமை. பெற்ற மகள் மேல் ஒரு தாய்க்குப் பொறாமையா என்று யாரும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். முதலில் கதையைக் கேளுங்கள், பிறகு வேண்டுமானால் அவளைத் திட்டிக்கொள்ளலாம்.

முத்தம்மா ஆரணிக்குப் பக்கத்தில், கூலிக்கு நாற்று நடுகிற குடும்பத்தில் பிறந்தவள். பிறவியிலேயே கறுப்பு. சின்ன வயதிலேயே சேற்றில் இறங்கியதால் வெயிலும் தன் பங்குக்கு ஒரு பூச்சு பூசியது. அந்த நிறத்தில் அவள் நல்ல களையாகத்தான் இருந்தாள். ஆனால் அதை அவளிடம் சொல்ல அந்தக் காலத்தில் ஒரு ஆள் கிடையாது. கரிச்சட்டி, காக்கா, எருமை என்று கூப்பிடத்தான் ஆள் இருந்தது. முதல்முதலாகப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டு, பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்த அவளுடைய சித்தப்பா மகளைக் காட்டி, "இந்தப் பொண்ணுன்னா பேசலாம்" என்றார்கள். அந்தச் சித்தப்பா மகள் வயலில் கால் வைத்ததே இல்லை. நிழலில் வளர்ந்த மாநிறம். கல்யாணமும் அவளுக்குத்தான் நடந்தது. பந்தியில் இலை போட்டுக்கொண்டே முத்தம்மா வயிறெரிந்தாள்.

அன்றிலிருந்து வெயில் அவளுக்குப் பகையாளி ஆனது. நடவுக்குப் போவதை அடம்பிடித்து நிறுத்தினாள். பெட்டிக்கடையில் தொங்கிய சிவப்பழகு கிரீம் பாக்கெட்டுகளை வாங்கிப் பாயின் அடியில் ஒளித்து வைத்துத் தேய்த்தாள். சில வருஷம் கழித்து ஜெயராஜ் வந்து கட்டிக்கொண்டான். அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவன், அவளைப் போலவே கறுப்பு. அவன் நிறத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆம்பளைக்கு அந்தச் சலுகை எப்போதும் உண்டு.

கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்த பிறகு, சர்ச்சில் பெண்களுக்காக நடத்திய அழகுக்கலை வகுப்பில் முத்தம்மா சேர்ந்தாள். பிளீச் கலக்கக் கற்றுக்கொண்டதும் முதலில் தேய்த்தது தன் முகத்தில்தான். எரிந்தது. எரியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்ன ஒரு ஆயின்ட்மென்ட். முகம் நிஜமாகவே வெளுத்தது. சேர்ந்தாற்போல் தோலும் மெலிந்தது. வெயில் பட்டால் தீயில் காட்டியதுபோல் சிவந்துவிடும். கன்னத்தில் திட்டுத் திட்டாக விழுந்த தேமலை மறைக்கத் தினமும் பவுடர் வேண்டியிருந்தது. பகலில் குடையில்லாமல் அவள் வெளியே வந்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் என்ன, பஜாரில் அவளுக்கு 'செவப்பு அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை அவள் நகை மாதிரி வைத்திருந்தாள்.

கடையும் நன்றாகத்தான் ஓடியது. சிப்காட் கம்பெனிகளுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் நாளெல்லாம் நிற்கிற பெண்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பட்ட கொஞ்சநஞ்ச வெயிலையும் கழுவிப் போக வருவார்கள். "அக்கா, டேன் எடுத்து வுடுக்கா" என்பார்கள். கல்யாணப் பெண்கள் வந்தால் கேட்கவே வேண்டாம். முத்தம்மாவின் கை பட்டால் எந்தப் பெண்ணும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் பளிச்சென்று எழுந்து போவாள். முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது போலத் தெரியும்தான். அதை மறைக்க முழங்கை வரை மருதாணியும் வளையலும் இருந்தன. மிச்சத்தை போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் சரிபண்ணிவிடுவார்.

ஷைனி பிறந்தபோது நர்ஸ் கையில் பார்த்ததுமே முத்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அச்சு அசலாக அவளுடைய பழைய நிறம். கடலை மாவு, தயிர், பால் ஏடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பத்தாம் வகுப்பு லீவில் பிளீச்சைக் கலக்கிக்கொண்டு வந்தாள். முத்தம்மா ஒரு விரல் வைத்ததும் அந்தப் பெண் எழுந்து ஓடிக் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, "இனிமே எம் மூஞ்சில கை வச்சா நான் ஜோஸ்பின் அத்தை ஊட்டுக்குப் போயிடுவேன்" என்றது. அதோடு சரி. படித்து முடித்து ஒரு கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசராகப் போனாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் யார்டில் வெயிலில் நிற்கிற வேலை. கன்னத்தில் ஹெல்மெட் வார் பட்ட இடம் மட்டும் வெளிறி, மற்ற முகமெல்லாம் எண்ணெய் தடவிய தேக்குபோல் மின்னியது.

பார்லர்காரி மகள் இப்படியா என்று ஊர் சிரிக்கும் என்றுதான் முத்தம்மா பயந்தாள். ஊர் சிரிக்கவில்லை. ஊர் மாறிப்போயிருந்தது.

ஒருநாள் ஷைனி ஹெல்மெட்டோடு எடுத்த படத்தைப் போனில் போட்டாள். அதற்கு வந்த இதயங்களையும் வர்ணனைகளையும் பார்த்து முத்தம்மா அசந்துபோனாள்.

"டஸ்கி பியூட்டின்னு போட்டுக்கினு கீறாங்களே, டஸ்கின்னா இன்னாடி?"

"கறுப்புதான்மா."

"அத்த கறுப்புன்னே சொல்ல வேண்டிதானே?"

"கறுப்புன்னா யாரும் லைக் போட மாட்டாங்கமா" என்று சொல்லிவிட்டு ஷைனி சிரித்தாள்.

முத்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அன்புசெல்வன் இந்த நிறத்தில் சொக்கித்தான் பெண் கேட்டு வந்தான் என்று தெரிந்தபோது, அவளுக்குச் சந்தோஷம் மட்டும் வரவில்லை. அன்று இரவு படுத்துக்கொண்டு ஒளிக்காமல் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதே நிறம். அதே மூக்கு, அதே நெற்றி. அதை வைத்துக்கொண்டு நான் காக்கா, அவள் அழகி. நான் எரியத் தேய்த்து எடுத்ததை அவள் வெயிலில் காயப்போட்டுப் பெருமைப்படுகிறாள்.

கல்யாணம் நெருங்கியபோது முத்தம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். மணப்பெண்ணாக மகள் தன் நாற்காலியில் உட்கார வேண்டும், அந்த அழகு தன் கையால் வந்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். நிறத்துக்கு வந்த புகழில்தான் பங்கு இல்லை, அலங்காரத்திலாவது இருக்கட்டும். ஷைனியோ நர்மதாவிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். நர்மதா பஜாரில் புதிதாக ஏசி போட்டுக் கடை திறந்திருக்கும் சின்னப் பெண். பெண்ணின் சொந்த நிறத்திலேயே அலங்காரம் செய்கிறவள். முத்தம்மாவிடம் வந்துகொண்டிருந்த கல்யாணப் பெண்களில் பாதிப் பேர் இப்போது அங்கேதான் படியேறுகிறார்கள்.

"நான் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துக்கினு கீறேன், எம் பொண்ணு மூஞ்சில இன்னொருத்தி கை வைக்கிறதா?"

"நீ வெள்ளையடிச்சிடுவம்மா."

"அடிக்க மாட்டேன்."

"அப்ப ஒரு தபா போட்டுக் காட்டு. என் கலரு மாறிச்சின்னா நான் நர்மதாகிட்டதான் போவேன்."

முத்தம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். டப்பா டப்பாவாக இருந்தது. அத்தனையும் வெளிர் நிறம். இத்தனை வருஷத் தொழிலில் மகளுடைய நிறத்துக்கு ஒரு டப்பாகூட அவள் வாங்கியதில்லை. தன்னுடைய சொந்த நிறத்துக்கும்தான். பெட்டியை மூடினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நர்மதா கடைக்குப் படியேறினாள்.

அந்தப் படி ஒவ்வொன்றும் அவளுக்குக் கசந்தது. உள்ளே வரிசையாகக் கல்யாணப் பெண்களின் படங்கள் மாட்டியிருந்தன. கறுப்பும் மாநிறமுமாக, கையும் முகமும் ஒரே பெண்ணுடையதாக. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் பேஜாரு.

நர்மதா எழுந்து நின்று, "வாங்கக்கா" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் ஷைனியின் படத்தைப் பார்த்து இரண்டு டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டையும் கலந்துக்கோங்கக்கா. மேல பவுடர் மட்டும் போட்டுடாதீங்க."

அவள் கொஞ்சம் அலட்டியிருந்தால் முத்தம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்குத் தங்கமாக இருந்து தொலைத்தாள். அதற்கும் சேர்த்து முத்தம்மா வயிறெரிந்துகொண்டே இறங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஷைனி நாற்காலியில் உட்கார்ந்தாள். முத்தம்மா கவனமாகத்தான் கலந்தாள். ஆனால் கை இருக்கிறதே, அது பழகிய வழியில் போனது. கடைசியில் அவளுக்கே தெரியாமல் பவுடர் டப்பாவுக்குப் போய், கன்னத்தில் லேசாக ஒற்றிவிட்டது.

ஷைனி கண்ணாடியைப் பார்த்தாள். ஈரப் பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடி முகத்தை நீட்டினாள். "இன்னொரு தபா போடுமா."

இரண்டாவது தடவை முத்தம்மா பவுடர் டப்பாவைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுத் தொடங்கினாள். முடித்ததும் கண்ணாடியில் ஷைனியின் சொந்த நிறமே தெரிந்தது. ஷைனி போனை எடுத்து நர்மதாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று சர்ச்சில் வெள்ளைப் புடவையில் ஷைனி நடந்து வந்தபோது பாட்டுக் குழுவே ஒரு வரி தவறவிட்டது என்று ஜெயராஜ் இன்றைக்கும் சொல்கிறான். கைக்கு வெள்ளைக் கையுறை வேண்டாம் என்று ஷைனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சாயங்கால வரவேற்புக்கு மண்டபத்து அறையில் முத்தம்மா மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அன்புசெல்வனின் அத்தை, ஊத்துக்கோட்டைக்காரி, உள்ளே வந்தாள். பெண்ணின் முகவாயைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா கலரும்மா இது. அப்படியே அவங்க நைனாவ உரிச்சிக்கினு வந்திருக்கு. நல்லவேளை சம்பந்தி, உங்கள மாதிரி செவப்பா பொறக்கல."

முத்தம்மாவின் கையில் பூ நின்றது. வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த சிவப்பை அந்த அம்மாள் ஒரு 'நல்லவேளை'யில் தள்ளிவிட்டாள். அதுகூடப் போகட்டும். நிறத்துக்காக ஒருநாளும் ஒரு ஏச்சு வாங்காத ஜெயராஜுக்கு இந்தப் பெருமையுமா போக வேண்டும்? கட்டின புருஷன் மேலேயே அவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

"அது என் கலருங்க" என்றாள்.

அத்தை அவள் முகத்தைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தாள். கல்யாண வீட்டில் அம்மாக்காரி பேசுகிற பேச்சு என்று நினைத்திருப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காட்டுவதற்கு முத்தம்மாவிடம் பழைய போட்டோகூட இல்லை. கறுப்பாக விழுந்த படங்களையெல்லாம் என்றைக்கோ கிழித்துப் போட்டுவிட்டாள்.

முத்தம்மா பூவை ஷைனியின் மடியில் வைத்தாள். கதவைத் தாழிட்டாள். அத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஜாக்கெட்டின் பின்கழுத்தைக் கீழே இழுத்தாள். வெளுத்த கழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே, பளபளவென்று, அவள் பிறந்த நிறம்.

"இங்க பாருங்க. கைக்கு எட்டின மட்டும் தேச்சி எடுத்துட்டேன். இது எட்டாத எடம்."

ஷைனி எழுந்து வந்து தன் கையை அம்மாவின் முதுகோடு சேர்த்து வைத்தாள். எது கை, எது முதுகு என்று பிரிக்க முடியவில்லை. அந்த இடத்தை அவளும் அன்றைக்குத்தான் பார்க்கிறாள் போலிருந்தது. அவள் கண் கலங்கியதைக் கண்ணாடியில் கவனித்த முத்தம்மா, "அழுவாதடி, மை கரைஞ்சிடும்" என்று அதட்டினாள்.

"ஆமாங்க சம்பந்தி" என்றாள் அத்தை மெதுவாக. "பொண்ணு உங்களத்தான் கொண்டிருக்கு."

கேட்க ஆசைப்பட்டதை முத்தம்மா கேட்டுவிட்டாள். ஜாக்கெட்டை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, மிச்சப் பூவை எடுத்து மகளின் தலையில் செருகத் தொடங்கினாள். எதிரே கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். பொறாமை போயிருக்கும் என்று பார்த்தால் போகவில்லை. மகளுக்கு அந்த நிறம் முகமெல்லாம் இருந்தது. முத்தம்மாவுக்கு முதுகில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.