விமானம் மேலே ஏறும்வரை

வெளிநாட்டு அரசு அதிகாரிகள் ஓர் ஊருக்கு வந்து போவதற்கு கார், ஓட்டல், சாப்பாடு மட்டும் ஏற்பாடு செய்தால் போதாது. வருகிறவர்களில் மூத்தவர் யாரோ அவருடைய ரத்த வகை எங்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். அந்த வகையில் இரண்டு பை ரத்தத்தை ஓர் ஆஸ்பத்திரியில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அவர் போகும் இடமெல்லாம் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் போக வேண்டும். அதே வகை ரத்தம் உள்ள ஒருவர் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரேணிகுண்டாவில் நான் வேலை பார்த்த டிராவல்ஸில் இதையெல்லாம் கவனிப்பது என் பொறுப்பு.

அந்த முறை வந்த பெரியவருக்கு பி நெகட்டிவ். எனக்கும் அதுதான். ஆளை எங்கே தேடுவது என்று ஓனர் யோசித்துக்கொண்டிருந்தபோது நானே கையைத் தூக்கினேன். வரதய்யபாளையம் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அதில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள், காலேஜ் வாசலை மிதித்தவள் நான். ஒரு நாட்டின் அரசாங்கத்துக்காக என் ரத்தம் தயாராக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். நிறைமாதமாக இருந்த அக்கா மட்டும் சிரித்தாள்.

"எனுக்கும் அதே ரத்தந்தாண்டி கீது. என்னிய எவன் கார்ல இட்டுனு போறான்?"

சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு அவர்கள் கிளம்புகிற நாள். வண்டிகள் வரிசையாக ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குள் நுழைந்தன. பெரியவரும் மற்றவர்களும் ஓய்வறைக்குள் போனார்கள். எங்கள் ஆம்புலன்ஸை விமானம் நிற்கும் பக்கமாக ஓர் ஓரத்தில் நிறுத்தினார்கள். டிரைவர் புத்தூர்க்காரர். தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். முதல் நாளிலிருந்தே எனக்கு 'பிளட் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்.

"ஏமி பிளட் மேடம், டேங்க் ஃபுல்லா? நம்ம வண்டில டீசலை விட உங்களுக்குத்தான் ரேட் ஜாஸ்தி."

நான் சிரித்து முடிக்கும் முன் நைனா, என் அப்பா, போன் செய்தார்.

"அம்மா, கொயந்த பொறந்துடுச்சி. பொண்ணு." குரலில் சந்தோஷமே இல்லை. "அக்காவுக்கு ரத்தம் நிக்கல. சூளூர்பேட்டைல முடியாதுன்ட்டாங்கோ. திருப்பதிக்கு இட்டுனு வந்து கீறோம். ஏதோ நெகட்டிவாம், அது இல்லவே இல்லேன்றாங்கோ. நீ யார்னா பெரியவங்களாண்ட சொல்லேன்."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். அவர் பக்கத்திலிருந்த நர்ஸிடம் போனைக் கொடுத்தார். நான் இரண்டு பை ரத்தத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருந்த அதே ஆஸ்பத்திரி.

அங்கே ரத்த வங்கியில் வேலை பார்த்த ஓர் அம்மாவோடு நான் அந்த வாரம் முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்குப் போன் போட்டேன்.

"இருக்கு மேடம், ரெண்டு பை இருக்கு. ஆனா உங்க ஸ்டிக்கர் ஒட்டின பை. வேற நெகட்டிவ் ஒண்ணும் இல்லை. சூப்பரின்டெண்ட் சொன்னாத்தான் நான் அதைத் தொட முடியும். அவரும் அங்கதான் வந்திருக்கார், சால்வை போட. போனை எடுக்க மாட்டேங்கறார். இல்லேன்னா நீங்க வீல்ஸ் அப் போடுங்க, அடுத்த நிமிஷம் எடுத்துத் தரேன்."

வீல்ஸ் அப் என்பது எங்கள் தொழிலில் கடைசிச் செய்தி. விமானத்தின் சக்கரம் தரையை விட்டதும் நான் அதை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ரோட்டில் நிற்கும் போலீஸ் கலையும், அவருக்காக ஒதுக்கி வைத்த ஆஸ்பத்திரி படுக்கை வேறொருவருக்குக் கிடைக்கும், ரத்தப் பையின் ஸ்டிக்கர் கிழியும். அதுவரை எல்லாம் அப்படியே நிற்க வேண்டும்.

ஓய்வறைக் கதவருகே நின்ற போலீஸ் அதிகாரியிடம் ஓடினேன். என் பாஸ் ஆம்புலன்ஸ் வரைக்கும்தான் செல்லும். உள்ளே போகிறவர்களின் செல்போன்களையெல்லாம் வாங்கி ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். சூப்பரின்டெண்டின் போனும் அதில்தான் எங்கோ அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"சார், எங்க அக்கா சார். சூப்பரின்டெண்ட் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா என்னையாவது விடுங்க, நான் போய் ரத்தம் குடுக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. உள்ளே ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். சால்வை போடுகிற வரிசை நகர்ந்ததும் சார் வருவார் என்று பதில் வந்தது.

"நீயே பிளான்ல இருக்கேம்மா. நீ போயிட்டா நான் யாரைக் காட்டுவேன்? எனக்கு மேல எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? அயிப்போதுந்தி, முடிஞ்சிடும், கொஞ்சம் பொறுத்துக்கோ."

முடிகிற மாதிரி இல்லை. கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரை வழியனுப்புவதென்றால் சும்மா கையசைத்து அனுப்பிவிட மாட்டோம். ஒவ்வோர் இலாகாவும் தனித்தனியாகச் சால்வை போடும், லட்டு கொடுக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளும். காலையில் எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள், பையில் போட்டு வைத்திருந்தேன். போட்டோவில் ஒருவருடைய கண் மூடியிருக்கிறது என்று போட்ட சால்வையை எடுத்து மறுபடி போட்டார்கள். பெரியவருக்கு முழங்கால் வலி. உட்காரப் போகும்போதெல்லாம் அடுத்த சால்வை வந்தது, மறுபடியும் எழுந்தார், குனிந்தார். அவர் ஒவ்வொரு முறை குனியும்போதும் என் அக்காவின் உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. இந்த வழியனுப்பு விழாவுக்கு நேரம் ஒதுக்கியவளும் நான்தான். குறைவாக ஒதுக்கிவிட்டேனோ என்று முந்தின நாள் கவலைப்பட்டிருந்தேன்.

நைனா மறுபடியும் கூப்பிட்டார்.

"கூப்ட்டா கண்ணு தொறக்க மாட்டேன்றாம்மா."

நான் 'வீல்ஸ் அப்' என்று அடித்தேன். எல்லோரும் இருக்கும் குழுவுக்கு அனுப்பவில்லை. ரத்த வங்கி அம்மாவுக்கு மட்டும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "ஓகே மேடம். எடுத்துட்டேன்."

என் கண்ணுக்கு எதிரே விமானம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று புரிந்தது. அந்தப் பெரியவருக்கென்று இருந்த ரத்தம் இனி என் உடம்பில் இருப்பது மட்டும்தான். போலீஸே போகச் சொன்னாலும் இனி நான் போக முடியாது. அக்காவிடம் ஓட வேண்டுமென்று கால் துடித்தது. ஆம்புலன்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"தாகண்டி மேடம், குடிங்க. இப்ப மொத்த பேங்கும் நீங்கதான். மயங்கி கியங்கி விழுந்துடாதீங்க."

வண்டியை மெதுவாக நகர்த்தி விமானப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஒருவழியாகப் பெரியவர் வெளியே வந்தார். சால்வைகளைக் கழற்றினால் மரியாதைக் குறைவு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அத்தனையையும் தோளில் போட்டுக்கொண்டே வெயிலில் நடந்தார். படியில் வலியோடு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார். ஒரு சால்வையின் நுனி கீழே இழுபட்டுக்கொண்டிருந்தது. பாதிப் படியில் அதை அவரே மிதித்துவிட்டார். உடம்பு முன்னால் சாய்ந்தது. நான் கத்தவே இல்லை, வாயைத் திறந்ததோடு சரி. அவர் கைப்பிடியைப் பிடித்து நின்றார். திரும்பி எங்களைப் பார்த்து, தன்னையே கேலி செய்வது போலச் சிரித்துக் கையைக் காட்டினார். என் வாழ்க்கையில் வேறு எந்த மனிதரின் காலையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ச் சாமிகளையெல்லாம் கூப்பிட்டது அக்காவுக்காகவா, அந்தக் காலுக்காகவா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

விமானம் மேலே ஏறியது. குழுவில் உண்மையான செய்தியைப் போட்டேன். அவசரத்தில் எழுத்துப் பிழையோடு போயிற்று.

"ரிட்டர்ன் எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தானே, எக்கண்டி, ஏறுங்க" என்றார் டிரைவர். காலி வண்டிக்கு சைரன் போடக் கூடாது. போட்டார்.

ரத்தப் பை எப்போது வெளியே போனது, விமானம் எப்போது போனது என்று மறுநாளே பொருத்திப் பார்த்துவிட்டார்கள். "பொய் சொன்னியாம்மா?" என்று ஓனர் கேட்டார். ஆமாம் என்றேன். "அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார். நான் அங்கேயே இருந்தேன் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. வேலை போயிற்று.

ஆனால் அது மறுநாள். அன்று நான் போய்ச் சேர்ந்தபோது நைனா துணியில் சுற்றிய குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, உட்காரத் தெரியாதவர் போல வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கையைக் காட்டினார். எடுத்த பைகளுக்குப் பதிலாக என் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்காவின் கட்டிலுக்குப் போனேன்.

கண்ணைத் திறந்திருந்தாள். இரண்டாவது பை இறங்கிக்கொண்டிருந்தது. நான் அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கரைக் கிழிக்கக்கூட அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. அது அப்படியே இருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

"அதுல இன்னாடி எழுதிக்கீது?"

முக்கிய விருந்தினருக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"உன் பேருதான் எழுதிக்கீது, துன்னுட்டு தூங்கு" என்றேன்.

"துன்றதுக்கு இன்னா குட்த்த நீ?" என்றாள். அப்போதுதான் என் பையில் இருந்த லட்டு ஞாபகம் வந்தது.