திட்டின் கடைசியில் ஓர் அங்கிள்

எனக்குப் பேச வராது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். ஆளைப் பார்த்தால் வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும், அவ்வளவுதான். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட மணியடிக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது அடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, எங்கோ தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வருவேன்.

ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. தட்டச்சு மட்டும் வேகமாக வரும். தொண்ணூறுகளின் கடைசியில் கிள்ளானில், ஒரு சேலைக் கடையின் மாடியில் இருந்த சைபர் கஃபேயில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்கென்றே செய்த வேலை அது. வருகிறவர்கள் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்கமாட்டார்கள்.

ஒரே ஒரு பயம். நான் சேர்வதற்கு முன்பு இரண்டு பேர் பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை போட்டு ஒரு கணினியை உடைத்திருந்தார்கள். அதிலிருந்து கடை பாஸ் சுவரில் ‘சத்தம் போடாதீர்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, என்னிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“இன்னொரு சண்டை நடந்துச்சு, முடிஞ்சிச்சு லா. எல்லாத்தையும் வித்துட்டு ஸ்னூக்கர் மேசை போட்டுடுவேன். நீ உங்க அக்கா கூட கையுறை ஃபேக்டரிக்குப் போயிடு.”

அந்த ஃபேக்டரியில் புதிதாகச் சேருகிறவள் முதல் நாள் எல்லார் முன்னாலும் நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். அக்கா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கடைக்கு இரண்டு பெரியவர்கள் வழக்கமாக வருவார்கள். ஒருவர் கேரி தீவுத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கோயில் கமிட்டியில் இருந்தார். காலைப் பூசை முடிந்ததும் நெற்றி நிறையத் திருநீற்றோடு வருவார். இன்னொருவர் தெலுக் பங்லிமா காராங்கில் பெயிண்ட் ஃபேக்டரி சூப்பர்வைசர். வேலை முடிந்து மாலையில் வருவார். எந்த வெயிலிலும் கறுப்புச் சட்டைதான். கடவுள் இல்லை என்பது அவர் கட்சி.

உலகத் தமிழர்கள் கூடிப் பேசும் இணையப் பலகை ஒன்று அப்போது இருந்தது. ஒருவர் எழுதி ஒட்டிவிட்டுப் போவார். மறுநாள் இன்னொருவர் பதில் ஒட்டுவார். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. திருநீற்று அங்கிள் ‘நெற்றிக்கண்’ என்று வைத்துக்கொண்டார். கறுப்புச் சட்டை அங்கிள் ‘நெருப்பு’. இரண்டு பேரும் அங்கே ஒருவரையொருவர் பொரித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் எழுதுவது என் பக்கத்தில் கிடந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் இரண்டு பேருக்கும் தட்ட வராது.

“ஏ பி சி வரிசையில இல்லியே மா, எவன் இப்படிக் கலைச்சுப் போட்டான்?” என்று காலையில் அவர் கேட்டார். மாலையில் இவரும் அதையே கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

ஆகவே அவர்கள் சொல்வார்கள், நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவேன்.

ஒரு நாள் மாலை கறுப்புச் சட்டை அங்கிள் சொன்னார்: “எழுதும்மா. ‘கல்லு மேல பாலை ஊத்துற மடையா, அந்தக் கல்லு என்னிக்காவது ஏப்பம் விட்டுச்சா?’ ”

மடையா என்று தட்டிவிட்டேன். ஆனால் அது போய்ச் சேருவது யாருக்கு? காலையில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்த பெரியவருக்கு. எங்கள் வீட்டில் பெரியவர்களை மொட்டையாகக் கூப்பிட்டால் முதுகு பழுத்துவிடும். வாய்க்கு வராத பேச்சு விரலில் மட்டும் எப்படி வரும்? வரியின் கடைசியில் என் விரல்கள் தாமாகவே ‘அங்கிள்’ என்று சேர்த்துவிட்டன.

மறுநாள் காலை திருநீற்று அங்கிளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். “கல்லு மேல பாலை ஊத்துற மடையா, அந்தக் கல்லு என்னிக்காவது ஏப்பம் விட்டுச்சா அங்கிள்.”

அவர் முகம் சிவந்து, உடனே வெளுத்தது. “அங்கிளா? சின்னப் பையனா அவன்?”

நான் கீபோர்டைத் துடைத்தேன்.

“நான் எவனோ வயசான தடியன்னு நெனச்சேன். பாவம், வீட்டுல சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல போல. சரி, எழுது. ‘உன் தாத்தாவோட தாத்தாவை நீ பாத்தியா? பாக்கலன்னா இல்லன்னு அர்த்தமா, மக்கு?’ ”

அதற்கும் ஓர் அங்கிள் போட்டேன். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மரியாதை குறைந்துவிடுமே.

மாலையில் கறுப்புச் சட்டை அங்கிள் காதைக் குடைந்துகொண்டார். “அங்கிள்ங்கறான்? ஸ்கூல் பையன் மா இவன்! இந்த வயசுல மூளையைக் கெடுத்து வச்சிருக்கானுங்க. மெதுவாத்தான் திருத்தணும்.”

அதிலிருந்து இருவருமே திருத்த ஆரம்பித்தார்கள். மடையா போய்த் தம்பி வந்தது. ‘தம்பி, கடவுளை விடு, கணக்குப் பாடத்தைப் பிடி அங்கிள்’ என்று ஒருவர். ‘தம்பி, பரீட்சை அன்னிக்காவது திருநீறு பூசிக்கிட்டுப் போ அங்கிள்’ என்று மற்றவர். தம்பியும் அங்கிளும் ஒரே வரியில் இருந்ததைப் பலகையில் யாரும் கேட்கவில்லை. அங்கே எழுதிக்கொண்டிருந்த மற்றவர்களும் திட்டின் கடைசியில் அங்கிள் போடத் தொடங்கியிருந்தார்கள். ஏதோ புது நாகரிகம் என்று நினைத்திருப்பார்கள்.

திடீரென்று திருநீற்று அங்கிளுக்கு அந்தப் பையனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. “பேச்சைப் பாத்தா நம்ம ஊர்ப் பையன்தான். சனிக்கிழமை சாயந்திரம் இந்தக் கடைக்கு வரச் சொல்லு. சாமி பேச்சு எடுக்கமாட்டேன். சாப்பாடு என் செலவு, நான் பெலாஞ்சா பண்றேன்னு போடு.”

மாலையில் அதைப் படித்தேன். கறுப்புச் சட்டை அங்கிள் நாற்காலியிலிருந்து துள்ளினார். “இந்தக் கடைக்குத்தான் வர்றானா? எந்தப் பையன் மா? சரி, நானும் வர்றேன்னு போடு.”

கீபோர்டில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் துடைத்தேன்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். கறுப்புச் சட்டை அங்கிள் கையில் பேனா ஒன்று, பரீட்சை எழுதப் போகும் பையனுக்குப் பரிசு. திருநீற்று அங்கிள் கையில் பிளாஸ்டிக் பையில் சூடான சர்க்கரைப் பொங்கல். வாசல் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கறுப்புச் சட்டை அங்கிள் எழுந்துபோய், விளையாடிக்கொண்டிருந்த சீனப் பையன் தோளைத் தட்டி, “தம்பி, நீதான் நெற்றிக்கண்ணா?” என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பையனைச் சுட்டுவிட்டார்கள், விளையாட்டில்தான். அவன் முறைத்தான்.

“யாருக்கு அண்ணே வெய்ட்டிங்?” என்றார் திருநீற்று அங்கிள்.

“ஒரு பையன். நல்லவன்தான். சாமிப் பைத்தியம்.”

“எனக்கும் ஒரு பையன்தான். கெட்டிக்காரன். சாமி இல்லங்கறான். ஆனா மரியாதை தெரிஞ்சவன், வரிக்கு வரி அங்கிள் போடுவான்.”

“என் ஆளும் அப்படித்தான்.”

இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின. முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தன. பிறகு என்னை.

“நீதானா அந்த ஏப்பம்?” திருநீற்று அங்கிள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து எழுந்தார்.

“நீயா என்னை மக்குன்னது?” கறுப்புச் சட்டை அங்கிளும் எழுந்தார்.

“நீ என்னை மடையன்னு சொன்ன!”

“மடையன் அங்கிள்னுதானே வந்துச்சு!”

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கீழே படியில் பாஸின் செருப்புச் சத்தம் கேட்டது. கையுறை ஃபேக்டரியில் நான் எழுந்து நிற்பது போலவும், நூறு பெண்கள் என்னையே பார்ப்பது போலவும் தோன்றியது. என் வாய் திறந்துகொண்டது.

“சண்டை போடாதீங்க அங்கிள்! பாஸ் கடையை ஸ்னூக்கர் ஆக்கிடுவாரு. நான் ஃபேக்டரில பேசணும். எனக்குப் பேச வராது அங்கிள்! அந்த அங்கிள் எல்லாம் நான்தான் போட்டேன், நீங்க ரெண்டு பேரும் பெரியவங்கன்னு!”

என் வாழ்நாளில் அதுவரை நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். எனக்கே மூச்சு வாங்கியது.

பாஸ் கதவைத் திறந்தபோது இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புச் சட்டை அங்கிள் பொங்கலைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டிருந்தார்.

“அரிசி, வெல்லம், நெய். இதுல சாமி எங்க இருக்கு?” என்றார், மெல்லிய குரலில்.

“முந்திரிக்குப் பக்கத்துல தேடு,” என்றார் மற்றவர், அதைவிட மெல்லிய குரலில்.

பாஸ் சுவரில் ஒட்டியிருந்ததைப் பெருமையாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஆனால் சண்டை தீரவில்லையே. சத்தமும் போடக் கூடாது. அதனால் இருவரும் என் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் இதே கதைதான். ஒருவர் என் வலது காதில் திட்டைக் கிசுகிசுப்பார். நான் தட்டிப் பலகையில் ஒட்டுவேன். மற்றவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துக் கொதித்து, என் இடது காதில் பதிலைக் கிசுகிசுப்பார். பேனாவை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

“ ‘பகுத்தறிவு இருந்தா பதில் சொல்லு, அரைவேக்காடு.’ எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் அங்கிள்.”

“கடைசில போட்டியா?”

“போட்டுட்டேன் அங்கிள்.”

“காட்டு,” என்பார் இடது பக்கத்து அங்கிள், திரைக்கு மூக்கைக் கொண்டுபோய். “ம். இருக்கு. இப்ப என்னோடதை எழுது.”